பெயர் எழுதிய போர்வை

தையற்காரர் கடையில் மாலை வேளையில் பெருக்கித் தள்ளப்படும் வெட்டுத் துணிகளைக் காணாதவர் இல்லை. உள்ளங்கை அகலத் துண்டுகளும் விரல் அகல நறுக்குகளும் யாருக்கும் வேண்டாதவையாகக் கிடக்கும். அத்தகைய துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து, அடியில் வேறொரு துணி வைத்து, இடையே பஞ்சோ பழந்துணியோ பரப்பி, மூன்றும் பிரியாதபடி தைத்துப் போர்வையாக்கும் வழக்கம் உலகின் பல நாடுகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஆங்கிலத்தில் இதனைக் 'குவில்ட்' என்பர். இவ்வழக்கத்தின் வரலாற்றில் ஒரு பகுதியை மட்டும் இன்று நோக்குவோம். பலர் சேர்ந்து, ஆளுக்கு ஒரு கட்டமாகத் தைத்து, எல்லாக் கட்டங்களையும் ஒரே போர்வையாக இணைக்கும் முறை எவ்வாறு வளர்ந்தது? அப்போர்வைகளுள் சில, எந்த ஏட்டிலும் இடம் பெறாத பெண்களின் பெயர்களைக் காத்து வைத்திருப்பதும், வேறு சில காவாமல் விட்டதும் எதனால்? இவையே நம் வினாக்கள்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு இப்பொருள் புதிதன்று. கொல்கத்தாவில் இருப்போர் 'காந்தா' என்னும் போர்வையை அறிவர். மராட்டிய நாட்டில் இருப்போர் 'கோதடி'யை அறிவர். வட கருநாடகத்தில் 'கௌதி' என்றும், இராஜஸ்தானத்திலும் கூர்ச்சரத்திலும் 'ரல்லி' என்றும் இதன் வகைகள் வழங்குகின்றன. வடமொழியில் 'கந்தா' எனப்படும் சொல்லே வங்காளத்தில் 'காந்தா' என்றும், நம் மொழியில் 'கந்தை' என்றும் ஆயிற்று என அறிஞர் கருதுவர். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம் முதுமொழி. வங்காளத்துப் பெண்களோ கந்தையையே கலைப்பொருளாக்கினர். பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, அப்புடவைகளின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி, நூலோட்டமாகத் தைத்து, அதில் தாமரையும் மீனும் யானையும் பல்லக்கும் தோன்றச் செய்தனர்.

வட கன்னட மாவட்டத்துக் காடுகளை அடுத்து வாழும் சித்தியர், முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தைக்கும் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். பழந்துணித் துண்டுகளை ஓரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கித் தைத்துக்கொண்டே சென்று நடுவில் முடிப்பர். முடிந்தபின் நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த சிறு துணிகளை வைத்துத் தைப்பர். அவற்றைப் 'பூல்', அதாவது பூ, என்பர். பூ இல்லாத கவந்தி அம்மணமானது என்பது அவர்கள் கருத்து.

இவை யாவும் பெரும்பாலும் ஒரு வீட்டுக்குள், ஓரிருவர் கையால், ஒரே துணிப்பரப்பின் மீது தைக்கப்படுபவை. நாம் நோக்கவிருக்கும் முறையோ வேறு. அங்கே வேலை முதலிலேயே பல சிறு சதுரங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு சதுரத்தை ஒருத்தி தன் வீட்டில் அமர்ந்து தைக்கலாம். பத்துக் கல் தொலைவில் இருக்கும் மற்றொருத்தி வேறொன்றைத் தைக்கலாம். அளவு ஒன்றாயிருந்தால் போதும், இரண்டும் ஒரே போர்வையில் சேரும். இம்முறை செழித்து வளர்ந்த இடம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க ஐக்கிய நாடுகள்.

ஆயினும் அதன் முன்கதையில் நம் கடற்கரைக்கும் இடம் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற சீட்டித் துணிகள் அந்நாட்டாரை மயக்கின. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் துவைத்தாலும் போகாதவை. அவர்களுடைய சாயங்களுக்கு அந்த உறுதி அன்று இல்லை. தம் நாட்டு நெசவாளரைக் காக்க வேண்டிப் பிரான்ஸ் 1686-இல் இத்துணிகளுக்குத் தடை விதித்தது. இங்கிலாந்து 1701 முதல் இறக்குமதியைத் தடுத்தது. பின்னர் 1721-இல் இயற்றிய சட்டத்தால், அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையுமே விலக்கிற்று. அத்தடை தளர்ந்தது 1774-இல்தான். இங்கிலாந்தின் வடபகுதியில் லெவன்ஸ் மாளிகை என்னும் இடத்தில் 1708-ஆம் ஆண்டளவில் தைத்த ஒரு படுக்கை விரிப்பு இன்றும் உள்ளது. இந்தியச் சீட்டித் துண்டுகளை வடிவங்களாக வெட்டி இணைத்த வேலை அது. அந்நாட்டில் எஞ்சியுள்ள துண்டுத்துணி வேலைகளுள் மிகப் பழையவற்றில் ஒன்று. இந்தியக் கைவினைஞன் தீட்டிய பூவைச் சிறு துண்டும் வீணாகாமல் மேனாட்டுப் பெண் காத்தாள். தீட்டியவன் பெயரும் தெரியாது, தைத்தவள் பெயரும் துணியில் இல்லை.

அமெரிக்காவில் துணி ஆலைகள் பெருகி, அச்சிட்ட பருத்தித் துணி மலிந்தது 1830-களிலும் 1840-களிலும் ஆகும். அதற்கு வேண்டிய பருத்தியைத் தென் மாநிலங்களில் பயிரிட்டு எடுத்தவர்கள் கறுப்பு அடிமைகள் என்பதை மறத்தல் ஆகாது. துணி மலிந்ததும், கட்டம் கட்டமாகத் தைக்கும் முறை நாடெங்கும் பரவிற்று. கட்டம் என்பது பெரும்பாலும் ஒன்பது முதல் பன்னிரண்டு அங்குலம் வரையுள்ள சதுரம். சதுரங்களும் முக்கோணங்களுமே அதன் உறுப்புக்கள். ஒன்பது சிறு சதுரங்களை மூன்று வரிசையாக இணைத்தால் மிக எளிய கட்டம் ஆயிற்று. புதிதாகத் தைக்கக் கற்கும் சிறுமிக்கு அதனையே முதலில் கொடுத்தனர். மரக்கட்டைகளை அடுக்கிக் குடிசை கட்டுவதுபோல், நடுவில் ஒரு சதுரத்தை வைத்து நாற்புறமும் நீண்ட பட்டைகளை அடுக்குவது மற்றொரு வகை. இக்கட்டங்களுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஒரே வடிவத்தைக் காட்டுப்புறத்தில் கரடியின் பாதம் என்றனர். கடலோரத்தில் சேற்றில் பதிந்த வாத்தின் அடி என்றனர். குவேக்கர் சமயத்தார் அதனையே நட்பின் கை என்றனர். நம் பெண்கள் ஒரு புள்ளிக் கோலத்தை அடுத்த ஊராரிடம் கற்று வந்து வேறு பெயர் சூட்டுவதை இது நினைவூட்டும்.

கட்டங்களை இணைத்து மேல்துணி ஆயத்தமானதும், மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க ஒரு பெரிய மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவர். இந்த வேலைக்கு அண்டை வீட்டுப் பெண்கள் திரண்டு வருவர். சட்டத்தின் நாற்புறமும் அமர்ந்து, ஓரத்திலிருந்து தைத்து, தைத்த பகுதியைச் சுருட்டிக்கொண்டே செல்வர். தனித்தனிப் பண்ணைகளில் வாரக்கணக்கில் பிற முகம் காணாது வாழ்ந்த பெண்களுக்கு அத்தையற் கூட்டமே சந்தையும் திருவிழாவும் ஆயிற்று. மாலையில் ஆடவரும் வந்து சேர, விருந்து நடைபெறுவதும் உண்டு.

இங்கேதான் பெயரின் கதை தொடங்குகிறது. பழைய மைகளில் இரும்புச் சத்து மிகுதியாக இருந்தமையால், எழுதிய இடத்தில் துணி நாளடைவில் அரித்துப் போகும். 1830-களில் துணியைக் கெடுக்காத, துவைத்தாலும் அழியாத மை கடைகளில் கிடைக்கலாயிற்று. உடனே, 1840-கள் தொடங்கி, ஒவ்வொருத்தியும் தான் தைத்த கட்டத்தின் நடுவில் தன் பெயரை எழுதும் வழக்கம் காட்டுத்தீப் போலப் பரவியது. சிலர் ஊரும் ஆண்டும் சேர்த்தனர். சிலர் ஒரு வாழ்த்துரையும் எழுதினர். இவற்றை நட்புப் போர்வைகள் என்றும் கையொப்பப் போர்வைகள் என்றும் அழைத்தனர். பால்டிமோர் நகரில் 1840-களின் இடையிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம், பூக்கூடையும் கப்பலும் மலர் வளையமும் துணியின்மேல் துணி வைத்துத் தைத்த மிக நுட்பமான தொகுப்புப் போர்வைகள் உருவாயின.

நட்புப் போர்வைகள் பலவும் யாருக்காகத் தைக்கப்பட்டன என்பது நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தோர் கருத்தூன்றிக் கேட்க வேண்டிய செய்தி. அக்காலம் அமெரிக்கக் குடும்பங்கள் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிக் கூட்டங் கூட்டமாகக் குடிபெயர்ந்த காலம். மாட்டு வண்டியில் ஆரிகன் பகுதிக்குச் செல்ல ஏறத்தாழ 2,000 கல் தொலைவு. பயணம் நான்கைந்து மாதம் பிடிக்கும். போனவர் திரும்பி வருவது அரிது. தாயும் தமக்கையரும் தோழியரும் மீண்டும் காண்போம் என்ற நம்பிக்கை இல்லாமல் விடை கொடுத்தனர். அவ்வாறு புறப்படும் பெண்ணுக்கு, அவள் விட்டுச் செல்லும் ஊரார் ஆளுக்கொரு கட்டம் தைத்துப் பெயர் எழுதிக் கொடுத்தனர். ஊரை உடன் கொண்டு செல்ல இயலாது. ஊராரின் பெயர்களைக் கொண்டு செல்லலாம். இன்று வரலாற்றாசிரியர் அப்பெயர்களை ஊர்க் கணக்கேடுகளோடு ஒப்பிட்டு, யார் யாருக்கு உறவினர், எந்தக் குடும்பம் எங்கே சென்றது என்று கண்டறிகின்றனர். அக்காலத்துச் சட்ட ஆவணங்களில் பெரும்பாலும் கணவன் பெயரால் மட்டுமே சுட்டப்பட்ட பெண், தன் பெயரைத் தன் கையால் எழுதி வைத்த இடங்களுள் போர்வையும் ஒன்று. பின்னர்ப் பொதுப்பணிக்கு நிதி திரட்டவும் இம்முறை உதவிற்று. முதல் உலகப் போரின்போது சிறு தொகை கொடுத்தோரின் பெயர்களைத் தைத்துச் செஞ்சிலுவைச் சங்கத்துக்காகப் போர்வைகள் உருவாக்கினர்.

இனி, பெயர் எழுதாத போர்வைகளின் கதிக்கு வருவோம். 1841 ஏப்ரலில் 'ராஜா' என்னும் பெயருடைய கப்பல், 180 பெண் கைதிகளுடன் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாத் தீவுக்குப் புறப்பட்டது. சிறைச் சீர்திருத்தத்துக்காக உழைத்த எலிசபெத் ஃபிரை அம்மையாரின் சங்கத்தார் ஊசி, நூல், கத்தரிக்கோல், துண்டுத்துணி ஆகியவற்றை அப்பெண்களுக்கு அளித்திருந்தனர். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கடற்பயணத்தில் அவர்கள் 2,815 துண்டுகளை இணைத்து ஒரு பெரும் விரிப்பைத் தைத்தனர். ஜூலையில் கரை சேர்ந்ததும், தீவின் ஆளுநர் மனைவிக்கு அது அளிக்கப்பட்டது. பின்னர் அது மறைந்து போயிற்று. 1987-இல் ஸ்காட்லாந்தில் ஒரு வீட்டின் மேல்மாடத்தில் கண்டெடுக்கப்பட்டு, 1989-இல் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிற்று. அந்நாட்டுத் தேசியக் கலைக்கூடத்தின் அரும்பொருள்களுள் அது ஒன்று. உதவி செய்த சீமாட்டிகளுக்கு நன்றி கூறும் வாசகம் அதில் உள்ளது. தைத்த கைதிகளின் பெயர் ஒன்றேனும் இல்லை. யார் யார் ஊசி பிடித்தனர் என்பதை ஆராய்ச்சியாளர் இன்றும் கப்பல் ஏடுகளைக் கொண்டு ஊகித்து வருகின்றனர்.

ஒருவர் எழுதி வைத்தமையால் மட்டும் தப்பிய பெயரும் உண்டு. ஜார்ஜியா மாநிலத்தில் 1837-இல் அடிமையாகப் பிறந்தவர் ஹேரியட் பவர்ஸ். விவிலியக் கதைகளைத் துணியுருவங்களாக வெட்டிப் பதினொரு கட்டங்களில் அமைத்து ஒரு போர்வை தைத்தார். 1886-இல் ஒரு பருத்திக் கண்காட்சியில் அதனைக் கண்ட ஜென்னி ஸ்மித் என்னும் ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். அப்போது ஹேரியட் கொடுக்க இசையவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் வறுமை நெருக்கவே, பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்குக் கொடுத்தார். ஆசிரியை ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் ஹேரியட்டின் வாய்மொழியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அப்போர்வை இன்று வாஷிங்டன் நகரில் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் தைத்த மற்றொன்று பாஸ்டன் கலைக்கூடத்தில் இருக்கிறது. அவ்வாசிரியையின் குறிப்பு இல்லையேல், பெயரறியா ஒருத்தியின் வேலை என்ற சீட்டோடு அப்போர்வை கிடந்திருக்கக் கூடும்.

பெயர் மறைந்தது மட்டுமன்றி, மறைக்கப்பட்டதும் உண்டு. 1933-இல் சிக்காகோ உலகக் கண்காட்சியை ஒட்டி ஒரு பெரு வணிக நிறுவனம் போர்வைப் போட்டி நடத்திற்று. அமெரிக்கா பொருளாதார வீழ்ச்சியில் தத்தளித்த காலம் அது. தலைப்பரிசு 1,000 டாலர் என்ற செய்தி கேட்டு நாடெங்கிலுமிருந்து 24,000-க்கு மேற்பட்ட போர்வைகள் வந்து குவிந்தன. கென்டக்கி மாநிலத்துப் பெண்மணி ஒருவர் தலைப்பரிசைப் பெற்றார். அப்போர்வை அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மனைவிக்கு அளிக்கப்பட்டது. அதில் பரிசு பெற்றவர் தைத்த தையல் ஒன்றுமில்லை என்பதும், கூலிக்கு அமர்த்திய பெண்களே தைத்தனர் என்பதும், பரிசில் அவர்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை என்பதும் பிற்காலத்து ஆராய்ச்சியால் வெளிவந்தன. வேலையை இழந்து விடுவோமோ என்று அஞ்சி, உண்மையை அறிந்தவர்கள் அன்று வாய் திறக்கவில்லை.

1971-இல் நியூயார்க் நகரத்து விட்னி அருங்காட்சியகம் பழைய போர்வைகளைப் படுக்கையிலிருந்து எடுத்து, ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. கலையறிஞர் வியந்து பாராட்டினர். தைத்தவர்கள் பெரும்பாலும் யாரென அறியப்படாதவராகவே இருந்தனர். அதே அருங்காட்சியகம் 2002-இல் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரின் போர்வைகளைக் காட்டியபோது நிலை மாறியிருந்தது. அடிமைகளின் வழிவந்த அவ்வூர்க் கறுப்புப் பெண்கள், தேய்ந்த வேலையுடுப்புக்களைக் கொண்டு தைத்த போர்வைகள் அவை. ஒவ்வொன்றின் அருகிலும் தைத்தவர் பெயர் இருந்தது. அவர்களுள் பலர் நேரில் வந்து தம் வேலைக்கு முன் நின்றனர். முப்பத்தோராண்டு இடைவெளியில் நேர்ந்த இம்மாற்றம் சிறிதன்று.

பெயரும் குறிப்பும் இல்லாத இடத்தில் கற்பனை புகுந்து விடுவதும் இயல்பு. தப்பியோடும் அடிமைகளுக்கு வழிகாட்டும் இரகசியக் குறிகளாகப் போர்வைக் கட்டங்கள் பயன்பட்டன என்று 1999-இல் வெளிவந்த ஒரு நூல் கூறியது. கதை கேட்க இனிமையாக இருந்தமையால் பள்ளிப் பாடங்களிலும் புகுந்தது. அதற்கு அக்காலச் சான்று ஒன்றும் இல்லை என்பதே வரலாற்றாசிரியர் பலருடைய முடிவு.

இனி நம் கீழ்த்திசையிலேயே நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஐரோப்பியக் குடிமக்கள் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். ஆடவர் ஒருபுறம், பெண்டிரும் குழந்தைகளும் மறுபுறம். கணவன் உயிருடன் இருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது. மனைவி கதி யாதென்று கணவனுக்குத் தெரியாது. கடிதத்துக்கு இடமில்லை. அச்சிறையில் இருந்த சிறுமியர் சிலர், தம் சாரணர் தலைவியின் பிறந்த நாளுக்குப் பரிசளிக்க எண்ணி, கிடைத்த கந்தல்களை அறுகோணங்களாக வெட்டி, தத்தம் பெயரைப் பூத்தையலிட்டு, மறைவில் ஒரு போர்வை தைத்தனர். அதனைக் கண்ட எதல் மல்வனி என்னும் கனடா நாட்டுப் பெண்மணிக்கு ஓர் எண்ணம் உதித்தது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆறங்குலச் சதுரத் துணி ஒன்று கொடுத்து, தன்னைக் காட்டும் ஏதேனும் ஒன்றை அதில் தைக்கச் சொன்னார். பெயரும் தைக்க வேண்டும். இவ்வாறு, போர்வைக்கு 66 சதுரங்களாக மூன்று போர்வைகள் உருவாயின. காயமுற்ற பிரிட்டிஷ் வீரருக்கு ஒன்று, ஆஸ்திரேலிய வீரருக்கு ஒன்று, ஜப்பானிய வீரருக்கு ஒன்று. மூன்றாவது ஒன்றும் இருந்தமையால் சிறையதிகாரிகளின் இசைவு எளிதாயிற்று. போர்வைகள் மருத்துவமனைக்குச் சென்றன. அங்கிருந்த ஆடவர் அச்சதுரங்களில் பழகிய பெயர்களைக் கண்டனர். எழுதக் கூடாத கடிதத்தை ஆறங்குலத் துணி கொண்டு சேர்த்தது. அவற்றுள் இரண்டு ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்தினிடமும் காக்கப்பட்டு வருகின்றன.

இம்முறையின் மிகப் பெரிய வடிவம் 1987-இல் தொடங்கியது. எய்ட்ஸ் நோயால் இறந்தோரை அவர்தம் ஊராரும், சில சமயம் உற்றாரும்கூட, பெயர் சொல்ல நாணிய காலம் அது. சான்பிரான்சிஸ்கோ நகரில் கிளீவ் ஜோன்ஸ் என்பாரும் நண்பர்களும், இறந்தவர் ஒவ்வொருவருக்கும் மூன்றடி அகலமும் ஆறடி நீளமும் உள்ள ஒரு துணித்தட்டைத் தைக்கத் தொடங்கினர். அது ஒரு கல்லறையின் அளவு. அவ்வாண்டு அக்டோபர் 11-இல் வாஷிங்டன் நகரத்துத் திறந்த வெளியில் 1,920 தட்டுகளை விரித்து, பெயர்களை உரக்கப் படித்தனர். இன்று அது ஏறத்தாழ 50,000 தட்டுகளையும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்களையும் கொண்டது.

நம் நாட்டிலும் பெயர் எழுதிய கந்தைகள் இல்லாமற் போகவில்லை. ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத்தர் வங்கத்துச் சிற்றூர்களில் தேடித் திரட்டிய காந்தாக்கள், கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அவர் பெயரால் 1963-இல் அமைந்த அருங்காட்சியகத்துக்கு வந்தன. அவற்றுள் ஒன்று, மானதா சுந்தரி என்னும் பெண் தன் தந்தைக்காகத் தைத்தது. தன் பெயரையும், தந்தைக்கு அளிப்பதையும் அவளே துணியில் எழுத்தாகத் தைத்திருக்கிறாள். அதனால்தான் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தும் அவளைப் பெயர் சொல்லி நாம் குறிப்பிட முடிகிறது.

வெளியூர்களில் உள்ள தமிழ்ச் சங்கங்களில் மாதர் கூடிப் பொழுது போக்க ஒரு பணி வேண்டுமென்றால், இதனினும் எளியது குறைவு. பன்னிரண்டு அங்குலக் கட்டம் என்று முடிவு செய்யுங்கள். ஒன்பது சதுரக் கட்டமாயின், நாலரை அங்குலச் சதுரமாக ஒன்பது துண்டுகள் வெட்ட வேண்டும். நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்குப் போக, இணைத்தபின் ஒவ்வொன்றும் நான்கு அங்குலமாக நிற்கும். துணியை முன்னரே நனைத்து உலர்த்திவிட்டால் பின்னர்ச் சுருங்குவதும் சாயம் ஒட்டுவதும் இரா. அகலத்தில் ஆறு, நீளத்தில் ஏழு என 42 கட்டங்கள் சேர்ந்தால், ஆறடிக்கு ஏழடிப் போர்வை ஆகிவிடும். காஞ்சிபுரம் கட்டத்தின் பக்கத்தில் சுங்குடி இருக்கட்டும். இருக்கும் ஊரின் துணியும் அதில் இடம் பெறட்டும். மாற்றலாகிச் செல்லும் குடும்பத்துக்கோ, மணமாகிப் போகும் பெண்ணுக்கோ, சங்கத்தின் பரிசாக அது அமையும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். ஒவ்வொருவரும் தம் கட்டத்தின் ஓரத்தில் பெயரையும் ஊரையும் ஆண்டையும் நூலாலேனும் அழியாத மையாலேனும் எழுதுங்கள். நாம் தைத்ததுதானே, நமக்குத் தெரியாதா என்று விட்டுவிட வேண்டாம். 'ராஜா' கப்பலின் பெண்களுக்கும் அன்று தெரிந்தேதான் இருந்தது.